ரஷ்ய செலோ கொன்சேர்ட்டோ ஒண்டை நாலைஞ்சு பேராக் கூடியிருந்து கேக்கிறதெப்படி, கேட்டுப்போட்டுக் கதைக்கிறதெப்படி

எதைக் கேக்கப்போறம் எண்டு முதல்ல முடிவெடுக்கணும். கொன்சேர்ட்டோ எண்டா ஒரு தனி வாத்தியம் முன்னுக்கு நிண்டு, ஒர்கெஸ்ட்ரா எண்ட வாத்தியக் குழுவோட சேர்ந்து வாசிக்கிற இசை. ஆர் வந்து கேட்டாலும் நான் சொல்றது ரஷ்ய இசையமைப்பாளர் ஷொஸ்டகோவிச்சிட முதலாவது செலோ கொன்சேர்ட்டோதான், ஓபஸ் (படைப்பு எண்) 107, 1959ல எழுதினது, முழுசாக் கேக்க அரை மணித்தியாலம் வரும். ஏன் இதைச் சொல்றன் எண்டா, இதில நீட்டி முழக்கின முன்னுரை ஒண்டும் இல்ல, முதல் செக்கன்லயே செலோ தொடங்கிரும், ஒர்கெஸ்ட்ராவும் சின்னது, ட்ரம்பெட் இல்ல ட்ரொம்போன் இல்ல, பித்தளை வாத்தியம் எண்டு ஒரே ஒரு ஹோர்ன்தான், அதால ஆர் என்ன வாசிக்கிறாங்க எண்டு புதுசாக் கேக்கிறவருக்கும் பிரிச்சு விளங்கும். மற்றது, செலோக்காரருக்கு இது எலும்பை முறிக்கிற வேலை, அவர் கஷ்டப்படுறது கேக்கிறவருக்கே தெரியும், அதால கேட்டு முடிய எல்லாரிட்டயும் சொல்ல ஏதோ ஒண்டு இருக்கும். அந்த "ஏதோ ஒண்டு" தான் இந்தப் பதிவிட விஷயம். "எப்படி இருந்திச்சு?" எண்டு கேட்டா "சூப்பர்" எண்டுதான் பதில் வரும், அதோட கதை முடிஞ்சிரும். "எந்த இடத்தில உனக்கு என்ன நடந்திச்சு?" எண்டு கேட்டா மணிக்கணக்காக் கதைக்கலாம்.

சாமான் விஷயம். போன் ஸ்பீக்கர்ல கேக்காதீங்க, தயவுசெய்து. செலோவிட ஆகக் கீழ்த் தந்தி 65 ஹேர்ட்ஸ் அளவில அதிருது, போன் ஸ்பீக்கரால அந்த ஆழத்தைக் குடுக்க ஏலாது, மேல உள்ள கீச்சுச் சத்தம் மட்டும்தான் வரும், அதைக் கேட்டுப்போட்டு "இது என்ன வயலின் மாதிரிக் கிடக்கு" எண்டு சொல்றாக்களில பிழையே இல்ல. ஓரளவு நல்ல புளூடூத் ஸ்பீக்கர் ஒண்டு போதும், மரமேசையில, சுவருக்குக் கிட்ட வைங்க. யூடியூப்ல நேரடியாப் போடாம முதல் நாளே இறக்கி வச்சுக்கொள்ளுங்க, ஏனெண்டா இரண்டாவது பகுதியில இருந்து கடைசி வரைக்கும் இந்த இசை நிக்கவே நிக்காது, நாலு பகுதியில கடைசி மூண்டும் ஒட்டித்தான் போகுது, நடுவில விளம்பரம் ஒண்டு பாஞ்சா எல்லாம் போச்சு, அதைத் திருப்பி ஒட்ட ஏலாது.

நேரமும் இடமும் அதைவிட முக்கியம். இரண்டாவது பகுதியிட முடிவில செலோ கேக்குதா இல்லையா எண்ட மட்டத்துக்கு இறங்கும், சீலிங் ஃபேன் சத்தமே அதை விழுங்கிரும். மட்டக்களப்பு வெக்கையில ஃபேன் இல்லாம இருக்கச் சொல்றது லேசான காரியம் இல்ல எண்டு தெரியும், அதால பொழுதுபட்ட பிறகு வைங்க, வாவிப் பக்கம் வீடு இருந்தா காத்து வரும், கடற்கரைப் பக்கம் எண்டா அலைச்சத்தம் வரும், அதையும் பாத்துக்கொள்ளுங்க. கோயில் ஸ்பீக்கர், பள்ளிப் பாங்கு எல்லாத்தையும் முதலே கணக்குப் பண்ணி நடுவில அரை மணித்தியாலம் எடுங்க, திருவிழாக் காலமெண்டா வேற கிழமைக்குத் தள்ளுறதுதான் புத்தி.

ஆரைக் கூப்பிடுறது? ஒரே மாதிரி ஆக்களக் கூப்பிடாதீங்க, இதுதான் என்ட ஒரே கண்டிஷன். கர்நாடக சங்கீதம் படிக்கிற புள்ள ஒண்டு, கல்லடி சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில படிக்கிற பொடியனோ பெட்டையோ கிடைச்சா இன்னும் நல்லம், கூத்து ஆடின அல்லது மத்தளம் அடிச்ச ஒருத்தர், பறங்கியர் குடும்பத்தில வயலின் வாசிச்ச அங்கிள் ஆரும் இருந்தா அவர், மறுகா இசையப் பத்தி ஒண்டுமே தெரியா எண்டு சொல்ற ஒருத்தர் கட்டாயம். இந்தக் கடைசி ஆள்தான் கனக்க நேரம் எல்லாரையும் திருப்பிக் கேக்க வைக்கிறவர். ஆறேழு பேருக்கு மேல வேணாம், கூடினா ஆக்கள் மற்ற ஆக்களிட முகத்தைப் பாத்துக் கேக்கத் தொடங்கிருவாங்க.

போடுறதுக்கு முதல் என்ன சொல்றது எண்டதில கவனமா இருங்க. ஸ்டாலின் கதை, சோவியத் கதை, அவர் பட்டபாடு எல்லாத்தையும் முதலே கொட்டினா கேக்க வந்தவர் இசையக் கேக்கமாட்டார், நீங்க சொன்ன கதையத்தான் தேடிக்கொண்டிருப்பார். நாலே விஷயம் சொல்லுங்க. செலோ எண்டா வயலினைவிடப் பெரிசு, காலுக்கு இடையில நிமித்தி வச்சு வில்லால வாசிக்கிறது, நாலு தந்தி. இசை நாலு பகுதி, முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில மட்டும்தான் ஒரு மூச்சு விடுற நேரம் இருக்கு, அதில கைதட்டுறேல்ல, கதைக்கிறேல்ல. கடைசியில பெரிய மேள அடி வரும், திடுக்கிடாதீங்க. தொடக்கத்தில செலோ வாசிக்கிற நாலு ஸ்வரத்தை மட்டும் மனசில பிடிச்சுக்கொள்ளுங்க.

அந்த நாலு ஸ்வரத்தை ஒருக்கா நீங்களே பாடிக் காட்டினா பாதி வேலை முடிஞ்சுது. சங்கீதம் படிச்ச ஆக்களுக்கு ஒரு சந்தோஷமான விஷயம் இருக்கு இதில, ஈ-ஃபிளாட்டை ஸட்ஜமா வச்சுக்கொண்டா அந்த நாலும் க, ரி, த, ப தான், அந்தர காந்தாரம், சுத்த ரிஷபம், சுத்த தைவதம், பஞ்சமம், நாலுமே மாயாமாளவகௌளையில உள்ள ஸ்வரங்கள், சரளி வரிசை பாடின எல்லாருக்கும் தொண்டையில இருக்கிறது. ஆனா இசை அந்த ராகத்தில நிக்காது எண்டதையும் கையோட சொல்லிருங்க, இல்லாட்டி அந்தப் புள்ள ராகத்தைத் தேடியே களைச்சுப் போயிரும். "சுருதி எங்க?" எண்டு கேப்பா, கட்டாயம் கேப்பா, அது நியாயமான கேள்வி, தம்புரா மாதிரி ஒரு ஆதார சுருதி இதில நிலையா ஒலிக்கிறேல்ல, ஸ இடம் மாறிக்கொண்டே இருக்கு, அதால சுருதியப் பிடிச்சுக்கொண்டு நடக்கிறதுக்குப் பதிலா அந்த நாலு ஸ்வரத்தைப் பிடிச்சுக்கொண்டு நடக்கச் சொல்லுங்க. அது எங்க போனாலும் திரும்பி வரும்.

எந்த ரெக்கோர்டிங்? முதல் தடவைக்கு வீடியோ நல்லம், கையைப் பாக்கணும். ஷெகு கேனே-மேசன் 2016ல பிபிசி இளம் இசைக்கலைஞர் போட்டியிட இறுதிச் சுற்றில இதைத்தான் வாசிச்சு வெண்டவர், அப்ப அவருக்கு 17 வயசு, அந்தப் பட்டத்தை எடுத்த முதல் கறுப்பின இசைக்கலைஞர். பொடியன் ஒருத்தன் இதை வாசிக்கிறதைப் பாக்கிற எங்கட பொடியன்மாரிட முகத்தைப் பாக்கணும் நீங்க. இரண்டாவது தடவைக்கு, இதை முதல்முதல் மேடையில வாசிச்ச ரஷ்யச் செலோக்காரர் ரொஸ்ட்ரோபோவிச் 1959லயே, ஓர்மண்டி நடத்தின ஃபிலடெல்ஃபியா ஒர்கெஸ்ட்ராவோட செய்த பதிவு, ஷொஸ்டகோவிச்சும் அப்ப பக்கத்திலயே இருந்தவர்.

சரி, போட்டாச்சு. இனி கேக்கிறாக்களையும் கொஞ்சம் கவனியுங்க, ஆனா அவங்களுக்குத் தெரியாம.

முதல் பகுதி ஆறு நிமிஷம் அளவில. நாலு ஸ்வரம், ஊதுவாத்தியங்கள் சுருக்கா ஒரு பதில், திருப்பி நாலு ஸ்வரம். விடாம, பிடிவாதமா. இதில முதல்ல வாற ரியாக்ஷன் காலிலதான், ஆக்களுக்குத் தெரியாமலே குதிக்கால் ஆடும், அது நல்ல சகுனம். இரண்டு மூண்டு நிமிஷம் போக அந்த ஆட்டம் நிண்டு தோள் இறுகும், ஏனெண்டா அந்த நாலு ஸ்வரம் விளையாட்டா வந்து பிறகு விளையாட்டில்லாமப் போயிரும். செலோக்காரருக்கு இதில ஓய்வே இல்லாத மாதிரி. கூத்துக்காரர் ஒருத்தர் இதைக் கேட்டுப்போட்டுச் சொன்னது எனக்கு எந்தப் புத்தகத்திலயும் கிடைக்காத விளக்கம்: "வரவு ஆடி முடிஞ்சா கொலுவில நிக்கணும், இவன் களரியில ஏறினதில இருந்து வரவே ஆடிக்கொண்டிருக்கான் மனே". வடமோடிக் கூத்தில பாத்திரம் களரிக்கு வந்து ஆடுற வரவு ஆட்டம் எவ்வளவு மூச்சை எடுக்கும் எண்டு தெரிஞ்ச மனுஷன்தான் இப்பிடிச் சொல்ல ஏலும்.

இரண்டாவது பகுதிதான் ஆக நீளம், பதினொரு பன்னிரண்டு நிமிஷம் வரும், மெதுவானது. வயலின்காரங்கள் எல்லாரும் மெல்லத் தொடங்குவாங்க, ஹோர்ன் பதில் சொல்லும், பிறகுதான் செலோ, அதுவும் வயலின்கள் வாசிச்ச மெட்டை எடுக்காது, தன்ட சொந்த மெட்டோட வரும். இதில ஆக்கள் கண்ணை மூடுவாங்க. சில பேர் கொட்டாவி விடுவாங்க, அதைப் பெரிசா எடுக்காதீங்க, முதல் பகுதியில இறுகின உடம்பு இளகுது, அவ்வளவுதான். மெல்ல மெல்லச் சூடேறி உச்சிக்குப் போய், ஒர்கெஸ்ட்ரா வயலின்களிட முதல் மெட்டைச் சத்தமாத் திருப்பிச் சொல்லும், அது அடங்கினாப் பிறகு வாற இடம் இருக்கே, அந்த இடத்துக்காகத்தான் நான் ஃபேனை நிப்பாட்டச் சொன்னது. செலோ தன்ட பழைய மெட்டை விசில் மாதிரி மெல்லிய குரல்ல வாசிக்கும், செலெஸ்டா எண்ட மணிச்சத்த வாத்தியம் அதுக்குப் பதில் சொல்லும். அது செயற்கை ஹார்மோனிக்ஸ், பெருவிரலால தந்தியை அழுத்திப்பிடிச்சு இன்னொரு விரலால அதே தந்தியை மேலால பட்டும்படாம தொடுறது, ஸ்வரம் இரண்டு ஸ்தாயி மேல போய் ஒலிக்கும், விரல் ஒரு மயிரிழை விலகினாலும் சத்தம் வெடிச்சிரும் இல்லாட்டி வராமலே போயிரும். வயலின் படிக்கிற புள்ள ஒண்டு கூட்டத்தில இருந்தா கேட்டு முடிய இதைச் செய்து காட்டச் சொல்லுங்க, தந்தியிட நடுவில லேசாத் தொட்டு வில்லை இழுத்தா இயற்கை ஹார்மோனிக்ஸ் கேக்கும், தத்துவம் ஒண்டுதான்.

இந்த இடத்தில அறைக்குள்ள ஆரும் அசையமாட்டாங்க. நான் பாத்த எல்லா ரியாக்ஷன்லயும் எனக்குப் பிடிச்சது இதுதான். வேகத்தைக் கண்டு வாய் பிளக்கிறது லேசு, ஆனா இவ்வளவு சின்னச் சத்தத்துக்கு மூச்சை அடக்குறதெண்டா கேக்கிறவர் வாசிக்கிறவரோட சேர்ந்து கயித்தில நடக்கிறார் எண்டு அர்த்தம்.

மூண்டாவது பகுதி முழுக்கச் செலோ மட்டும், அஞ்சாறு நிமிஷம், கடென்சா எண்டு சொல்றது. தனி ஆவர்த்தனம் கேட்ட ஆக்களுக்குச் சட்டெண்டு பிடிபடும், மற்ற ஆக்கள் எல்லாம் ஒதுங்கி ஒருத்தருக்கு இடம் விடுறது. ஒரு வித்தியாசம், இதில மனோதர்மம் இல்ல, ஒவ்வொரு ஸ்வரமும் எழுதி வச்சது. தனி தொடங்கினதும் ஒழும்பி வெளிய போற பழக்கம் இதில வேணவே வேணாம். மெதுவாத் தொடங்கும், நடுவில நடுவில விரலால சுண்டுற கனத்த சத்தங்கள், பிறகு மெல்ல வேகம் கூடிக் கூடி, அந்தப் பழைய நாலு ஸ்வரம் எட்டிப் பாக்கத் தொடங்கும், அதைக் கண்டுபிடிச்ச ஆள் கட்டாயம் பக்கத்தில இருக்கிறவரைப் பாப்பார், பாக்கட்டும். மறுகா ஸ்வரங்கள் ஏறி இறங்கி ஓடி அப்பிடியே நாலாவது பகுதிக்குள்ள விழும். நாலாவது சுறுக்கா முடிஞ்சிரும், அஞ்சு நிமிஷத்துக்குள்ள, முதல் பகுதியிட நாலு ஸ்வரம் திரும்பி வந்து நிக்கும், திம்பனி எண்ட பெரிய மேளத்திட அடிகளோட டக்கெண்டு முடியும்.

முடிஞ்ச உடன ஆரும் கதைக்காதீங்க. நீங்க ஏற்பாடு பண்ணினவர் எண்டா கட்டாயம் கதைக்காதீங்க, உங்கட வாயில இருந்து முதல்ல வாற சொல்லுத்தான் மற்ற எல்லாரிட கருத்தாவும் மாறிரும். கொஞ்ச நேரம் விடுங்க, தேத்தண்ணி ஊத்துங்க.

பிறகு கேளுங்க, உடம்பில இருந்து தொடங்குங்க. "உடம்பில எங்க பிடிச்சுது?" எண்டு கேட்டா படிச்சவர் படிக்காதவர் எண்ட வித்தியாசம் இல்லாம எல்லாருக்கும் பதில் இருக்கு. ஒருத்தருக்கு நெஞ்சடைச்சிருக்கும், ஒருத்தருக்குப் பல்லுக் கூசியிருக்கும், ஒருத்தருக்கு விரல் நொந்திருக்கும், மிருதங்கம் வாசிக்கிற ஆக்களுக்கு இது வாறது கனக்க. அடுத்த கேள்வி "எந்த இடத்தில?" பகுதிக்குப் பேர் தெரிய வேண்டியதில்ல, "அந்த விசில் சத்தத்துக்கு முதல், எல்லாரும் கத்தினாங்களே அங்க" எண்டு சொன்னாப் போதும், அது சரியான விமர்சனம். மூண்டாவது கேள்வி "அந்த நேரம் செலோ என்ன செய்துகொண்டிருந்திச்சு?" இதுக்குப் பதில் தெரியாட்டி அந்த இடத்தைத் திருப்பிப் போடுங்க, இப்ப அவர் கேக்கிற கேள்வியே வேற மாதிரி இருக்கும்.

"என்ன ஸ்பீட் சேர், கை தெரியேல்ல" எண்டு ஒருத்தர் கட்டாயம் சொல்லுவார். உண்மைதான், மறுக்காதீங்க. ஆனா அதோட விடாம "அந்த ஸ்பீட் உங்களுக்குச் சந்தோஷமா இருந்திச்சா பயமா இருந்திச்சா?" எண்டு கேளுங்க. வித்துவத்தை அளக்கிற அளவுகோல் இதுதான் எண்டு நான் நம்புறன், அவர் எவ்வளவு கஷ்டமானதை வாசிச்சார் எண்டதில்ல, அந்தக் கஷ்டத்தால எங்கள எங்க கொண்டுபோனார் எண்டது. இந்த இசையில வேகம் சில இடத்தில விளையாட்டு, சில இடத்தில ஆரோ துரத்துற ஓட்டம், நல்ல செலோக்காரர் வாசிச்சா இரண்டும் வேற வேறயாக் கேக்கும்.

இனிச் சொல்றதை எங்கட ஊர்ல ஆரும் தட்டிக் கழிக்க ஏலாது. அந்த நாலு ஸ்வரம் விடாம வாறதைக் கேட்டு "ராவில கதவில தட்டுற மாதிரிக் கிடக்கு" எண்டு சொன்ன ஒரு அம்மாவை நான் அறிவன், வேற விளக்கம் ஒண்டும் அவ சொல்லேல்ல, தேவைப்படவும் இல்ல. யுத்தத்தையும் 2004 சுனாமியையும் கண்ட ஆக்கள் இல்லாத வீடு எங்கட பக்கம் இல்ல. அதால வொலியூமைத் தொடக்கத்தில உள்ள மெல்லிய இடத்தை வச்சு செட் பண்ணாதீங்க, முதலே கடைசி நிமிஷத்தைப் போட்டுப் பாத்து அந்தச் சத்தம் தாங்குற அளவுக்கு வைங்க. கதவைத் திறந்து விடுங்க, வயசானவங்களக் கதவுக்குக் கிட்ட இருத்துங்க. நடுவில ஆரும் ஒழும்பிப் போனா, இசையை நிப்பாட்டி எல்லாருமா அவரைப் பாக்காதீங்க, தெரிஞ்ச ஒருத்தர் மெல்லப் போய்ப் பக்கத்தில இருந்தாப் போதும், "ஏன்" எண்டு கேக்க வேணாம். அதுவும் ஒரு ரியாக்ஷன்தான், ஒருவேளை அந்த அறையில ஆக ஆழமாக் கேட்டவர் அவராவே இருக்கலாம்.

பிடிக்கேல்ல எண்டு சொல்றவரை எப்பிடிக் கையாளுறது? கையாளவே வேணாம். "கரடுமுரடாக் கிடக்கு, இனிமை இல்ல" எண்டா, அவர் கேட்டது சரி, இனிமையா இருக்கணும் எண்டு அந்த மனுஷன் இதை எழுதேல்ல. அவரிட்டயும் அதே கேள்விதான், எந்த இடத்தில? பிடிக்காத இடத்தைக் குறிச்சுச் சொல்றவர், எல்லாம் பிடிச்சுது எண்டு சொல்றவரைவிட நல்லாக் கேட்டிருக்கார். அவரை மாத்த ஆதாரம் எல்லாம் அடுக்காதீங்க.

எல்லாரும் கதைச்சு முடிஞ்ச பிறகு கதையச் சொல்லுங்க, இப்பதான் அது ருசிக்கும். ஷொஸ்டகோவிச் 1936லயும் 1948லயும் அரசாங்கத்தால பகிரங்கமாக் கண்டிக்கப்பட்டவர், இரண்டாவது தடவை படிப்பிக்கிற வேலையும் போச்சு. ஸ்டாலின் 1953ல செத்தார், இந்தக் கொன்சேர்ட்டோ அதுக்கு ஆறு வருஷத்துக்குப் பிறகு. ரொஸ்ட்ரோபோவிச்சுக்கு இவரிட்ட இருந்து ஒரு கொன்சேர்ட்டோ வேணும் எண்டு சரியான ஆசை, ஷொஸ்டகோவிச்சிட மனுசி நீனா அவருக்குச் சொன்ன புத்தி என்னெண்டா, வேணுமெண்டா அதைப் பத்தி அவரிட்டக் கதைக்கவே கதைக்காத எண்டு. மனுஷன் வாயைத் திறக்கேல்ல, கடைசியில கிடைச்சுது. கையில கிடைச்சு நாலு நாள்ல மனப்பாடம். 1959 ஒக்டோபர் 4, லெனின்கிராட்ல ம்ராவின்ஸ்கி நடத்த அவர் முதல்முதல் வாசிச்சார்.

மறுகா சுலிகோ. அது காதலியிட கல்லறையத் தேடிப் போற ஒரு ஜோர்ஜியப் பாட்டு, ஸ்டாலினுக்கு விருப்பமான பாட்டு. அதில ஒரு துண்டை ஷொஸ்டகோவிச் நாலாவது பகுதிக்குள்ள முகம் தெரியாம நசிச்சு ஒளிச்சு வச்சிருக்கார், எப்பிடி ஒளிச்சாரெண்டா வாசிச்ச ரொஸ்ட்ரோபோவிச்சே ஷொஸ்டகோவிச் தானாச் சொல்லுமட்டும் கண்டுபிடிக்கேல்ல. சுலிகோவைத் தனியா ஒருக்காப் போட்டுக் காட்டி, பிறகு நாலாவது பகுதியத் திருப்பிப் போடுங்க. கண்டுபிடிக்கிற போட்டியா மாத்திராதீங்க, பாட்டைக் கேட்ட பிறகு அதே அஞ்சு நிமிஷம் ஆக்களுக்கு எப்பிடி மாறிக் கேக்குது எண்டதைக் கேளுங்க. முதல் தடவை சிரிச்ச ஆள் இந்தத் தடவை சிரிக்கமாட்டார், பயந்தவர் சில நேரம் சிரிப்பார்.

சொன்னதுகளை ஒரு கொப்பியில எழுதி வைங்க, சொன்ன சொல்லை அப்பிடியே, நீங்க திருத்தாம. "கதவில தட்டுற மாதிரி" எண்டதை "அச்சுறுத்தும் தாளக்கட்டு" எண்டு எழுதினா அந்த அம்மாவும் அதுக்குள்ள இல்ல, இசையும் இல்ல. அடுத்த தடவை ரொஸ்ட்ரோபோவிச்சிட பதிவைப் போடக்குள்ள அதை வாசிச்சுக் காட்டுங்க, தான் சொன்னதையே மறுத்துப் பேசுற ஆக்கள் வருவாங்க.

இது பிடிச்சிட்டுது, அடுத்தது என்ன எண்டு கேக்கிற ஆக்களுக்கு இன்னொரு ரஷ்ய இசையமைப்பாளர் ப்ரொகோஃபியெவ்ட சிம்ஃபொனி-கொன்சேர்ட்டோ, ஓபஸ் 125, 1952ல ரொஸ்ட்ரோபோவிச்தான் அதையும் முதல்ல வாசிச்சவர், ஷொஸ்டகோவிச் தன்ட கொன்சேர்ட்டோவ எழுத அதுவும் ஒரு தூண்டுதல். இதைவிட நீளம், இதைவிடக் கஷ்டம், ஒர்கெஸ்ட்ராவும் பெரிசு. அதால அதை ஒரே இருப்பில போடாம ஒரு நாளைக்கு ஒரு பகுதியா வைங்க, நடுப்பகுதியில இருந்து தொடங்கினாலும் பரவாயில்ல, செலோக்காரரிட கை என்ன பாடுபடுது எண்டு அதிலதான் ஆக வடிவாத் தெரியும்.